சனிக்கிழமைகளில் சபை கைமாறியது

எங்கள் சபை ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் மேல்மாடியில் இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் நானல்ல. ஆரம்பித்தவர் தன் பிளாட் வீட்டு ஹாலில் ஐந்து பேரை உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டத் தட்டப் பாடித் தொடங்கினாராம். அதை அவர் வாயாலேயே நூறு முறையாவது கேட்டிருக்கிறேன். நான் அவருக்கு அடுத்து வந்தவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, நாற்பது தாண்டியபின் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தேன்.

பொறுப்பேற்ற நாளிலிருந்து எனக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. புது பாஸ்டர். அவர் வெறும் பாஸ்டர். நான் அந்தச் சபையில் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அதில் பதினொரு வருடம் அவருக்கு உதவியாக இருந்து நாற்காலி அடுக்கியிருக்கிறேன், மைக் வயரை ஒட்டுப் போட்டிருக்கிறேன், அவருக்குத் தொண்டை கட்டிய நாட்களில் பிரசங்கமும் செய்திருக்கிறேன். இருந்தாலும் புது. புதுச் செருப்பைப்போல என்னைக் கொஞ்சம் கடிக்கிறவனாகவே பார்த்தார்கள்.

என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள்கூட அவருக்காகத்தான் கூப்பிடுவார்கள். "பாஸ்டர், எங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது. நம்ம பாஸ்டர கொஞ்சம் காடியில ஏத்திக்கிட்டு வர முடியுமா?" என்பார்கள். நான் என் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். அவர் ஜெபிப்பார், நான் வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "மிக்ஸி ஓட மாட்டேங்குது, என்னான்னு பாத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்பார். பார்ப்பேன். எரிச்சல் தலைக்கேறும். சிரித்துக்கொண்டே ஸ்குரூவைக் கழற்றுவேன்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொறுப்பேற்றபின் வந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருவர் என்னைப் பாஸ்டர் என்று நினைக்க வேண்டும். முன்னால் ஒட்டு இல்லாமல், அவருடைய டிரைவராக இல்லாமல். அந்த ஆசையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். அது எனக்குள் கிடந்து என்ன வேலை செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பொறுப்பு ஒப்படைக்கும் ஆராதனை ஈஸ்டர் முடிந்த இரண்டாவது ஞாயிறு நடந்தது. மேடைக்கு மல்லிகைச் சரம், கீழே பட்டறைக்காரர் அன்றைக்கு மரியாதைக்காகக் கூட்டித் தள்ளிவைத்த டயர்கள், எண்பது பேருக்கு நாசி பிரியாணி. நான் முழங்காலில் நின்றேன். பாஸ்டர் என் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். அவர் கை கனமானது. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை. ஜெபிப்பதற்குமுன் மூன்று கேள்விகள் கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அவரே உண்டாக்கிய கேள்விகள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா போவியா?"

"போவேன் பாஸ்டர்."

"உன்னோட சண்ட போட்டவன் வீட்டுல சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன் பாஸ்டர்."

"ஒருத்தருமே வரலேன்னாலும் ஞாயித்துக்கெழம கதவத் தொறப்பியா?"

"தொறப்பேன் பாஸ்டர்."

சபையே அழுதது. நானும் அழுதேன். அவர் மட்டும் அழவில்லை. வேலை முடிந்த ஆள் மாதிரி கைகளைத் தட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு பாஸ்டர் வெள்ளைச் சட்டை, வேதப்புத்தகம் சகிதமாக வந்து நேராக மேடை நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். நான் முதல் வரிசையில், என் பிரசங்கக் குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பெரியவர் ஆசையாகப் பேசுகிறார், பேசிவிட்டுப் போகட்டும் என்பதுதான் எல்லார் மனதிலும். வேறு சபையாக இருந்தால் மூப்பர்களில் ஒருவராவது எழுந்து காதில் சொல்லியிருப்பார். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது. அவர்களில் பாதிப்பேருக்குக் கல்யாணம் பண்ணிவைத்தவர் அவர். மீதிப்பேரைக் குடியிலிருந்து இழுத்து வந்தவர். பிரசங்கமும் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து படி இறங்கும்போது அவர் தன் மனைவியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "எனக்கு வயசாயிடுச்சு. சீக்கிரமா யார் கையிலயாச்சும் சபையக் குடுத்துடணும். யார்கிட்டக் குடுக்கிறதுன்னுதான் தெரியல."

பாஸ்டரம்மா முதலில் சிரித்தார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் படியின் நடுவில் நின்றேன். என்னைத் தாண்டித்தான் அவர் இறங்கிப் போனார். "ஒடம்ப பாத்துக்க தம்பி" என்று தோளில் தட்டினார்.

மருத்துவர் அந்த மறதிக்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன பயன்? வீட்டில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஹாலிலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து ஹாலுக்கும் நடந்தார். சபையை நட்டாற்றில் விட்டுவிட்டுச் சாகப்போகிறேன் என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். கொடுத்தாகிவிட்டது என்று சொன்னால், யார் கொடுத்தது, என்னைக் கேட்காமல் யார் கொடுத்தது என்று கோபப்பட்டார். ஒப்படைத்த அன்றைக்கு எடுத்த படங்களைக் காட்டினால் யாரோ தன்னைப்போல வேஷம் போட்டிருப்பதாகச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாங்களேன். இன்னொரு வாட்டி முட்டி போட்டுடுங்க. அவரு கைய வெச்சு ஜெபம் பண்ணிட்டாருன்னா அடங்கிடுவாருன்னு தோணுது லா."

போனேன். சனிக்கிழமை காலை பத்து மணி. ஹாலின் டைல்ஸ் தரையில் முழங்காலிட்டேன். மூன்று கேள்விகள், மூன்று பதில்கள், அதே கனமான கைகள், அதே ஜெபம். இம்முறை அவர் அழுதார். எழுந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே எனக்குக் கவல இல்ல" என்றார். உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். நான்கைந்து நாள் அமைதியாக இருந்தார். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

அப்படித்தான் அது சனிக்கிழமை வேலையாயிற்று. ஆறு மாதத்துக்குமேல் நடந்தது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறை. ஒவ்வொரு முறையும் என்னைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தார். கதவைத் திறக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்ப்பார், யோசிப்பார், பிறகு முகம் மெல்ல விரியும். "உன்னத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்பார்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்கு அது புளிக்கவில்லை. ஊருக்கெல்லாம் நான் ஒரு பெரியவரின் நிம்மதிக்காக நேரம் ஒதுக்குகிற நல்ல மனிதன். உண்மை வேறு. வாரத்தின் ஏழு நாளில் நான் பாஸ்டர் என்று உணர்ந்தது அந்தப் பதினைந்து நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் என்னைக் கடந்துபோய் அவர் கையைப் பிடிக்கும்போது பட்ட காயத்துக்கெல்லாம் சனிக்கிழமை மருந்து கிடைத்தது. அதற்காகவே போனேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சபையில் ஒரு வயதான அம்மா இருந்தார். சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் மகளோடு ஜெலுத்தோங் பிளாட்டுக்கு வந்துவிட்டார். மகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அந்த அம்மாவுக்குப் பழைய பாஸ்டர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். இருதயத்தில் கோளாறு, கால் இரண்டும் வீங்கியிருக்கும். நான் புதன்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். நான் பிரசங்கத்தில் விட்ட பிழைகளை வரிசையாகச் சொல்லிக் காட்டுவார். "போன வாரம் ரொம்ப இழுத்துட்டீங்க. எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். இவரும் என்னை அவரோடுதான் ஒப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வழக்கம்போல முழங்காலில் இருந்தேன். பாஸ்டர் முதல் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கால்சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. நடுவில் அசைந்தால் அவருக்கு எல்லாம் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மறுபடி அதிர்ந்தது. "போவேன் பாஸ்டர்" என்றேன். மூன்றாம் முறை அதிர்ந்தபோது ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான்காம் முறையும் வந்தது. கை என் தலையில் இருந்தது, தொடையில் அந்த அதிர்வு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆமென் வரைக்கும் இருந்தேன். அதன்பிறகும் உடனே எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்ததை முழுதாக வாங்கிக்கொண்டேன். கோப்பியும் குடித்தேன்.

கூப்பிட்டது அந்த அம்மாவின் மகள். நான் திரும்பக் கூப்பிட்டபோது அவள் பேசவில்லை, அழுதாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். நான் ஜெபித்தேன். என்ன சொல்லி ஜெபித்தேன் என்று நினைவில்லை. மகள், "பரவால்ல பாஸ்டர், நீங்க என்ன வேலையில இருந்தீங்களோ" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த சனிக்கிழமை போகாமலிருக்கலாம் என்று பார்த்தேன். பாஸ்டரம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். போய் முழங்காலிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா போவியா?"

"போகல பாஸ்டர்" என்றேன். "போன வாரம் கூப்பிட்டாங்க. நான் எடுக்கல. அவங்க செத்துட்டாங்க."

பாஸ்டரம்மா அடுப்படி வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பாஸ்டர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அத்தனை மாதங்களில் அவர் கண் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

"யாரு?"

சொன்னேன்.

"அந்தத் தோட்டத்துப் பிள்ளையா?" என்றார். எழுபது தாண்டிய அம்மாவை அவர் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார். "தண்ணியப் பாத்துப் பயந்துச்சே, அந்தப் பிள்ளையா?"

என் தலையிலிருந்து கைகளை எடுத்தார். "அப்ப ஒனக்குக் குடுக்க முடியாது தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இந்தப் பக்கம் போகாது என்று வழி சொல்கிற ஆள் மாதிரி சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே அவர் நான் சொன்னதை மறந்துவிட்டார். ஆனால் துக்கம் மறக்கவில்லை. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதார். திங்கட்கிழமை காலை வேதப்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டார். பாஸ்டரம்மா தேடிப்போனபோது பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகணும், யாரோ கூப்பிட்டாங்க, யாருன்னு தெரியல என்றாராம்.

பாஸ்டரம்மா என்னிடம் கை கூப்பினார். அதற்குமுன் அவர் என்னிடம் கை கூப்பியதில்லை. "தம்பி, இனிமே போவேன்னு மட்டும் சொல்லிடுங்க. உண்மையச் சொன்னா ஒங்களுக்கு மனசு லேசாகும். அவருக்கு ஆகாது லா."

அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் போவேன் என்றே சொன்னேன். அவர் முகம் விரிந்தது, என்னைக் கட்டிப்பிடித்தார், தோசை சாப்பிட்டார். முழங்காலில் நின்று ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கு ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். முன்பு மருந்தாக இருந்த அந்த நேரம் இப்போது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாகக் கைவைத்த சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் சளி நெஞ்சில் கட்டி, பாஸ்டர் ஒரு காலையில் வீட்டிலேயே இறந்துபோனார். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். சபை வெளியில் படிவரைக்கும் நின்றது. என் தலையில் கடைசியாக வைத்த கை பொய்க்கு வைத்த கை என்பது அங்கே எனக்கும் பாஸ்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும். பாஸ்டரம்மா என்னைப் பார்க்கவில்லை.

பாஸ்டர் போனபின் ஒரு விஷயம் நடந்தது. ஜனங்கள் என்னைப் புது பாஸ்டர் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பழையவர் இல்லாதபோது புதியவர் எதற்கு? நான் ஆசைப்பட்டது தானாகவே கைக்கு வந்தது. எனக்குச் சந்தோஷமில்லை, பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக் கதவைத் திறக்கும்போது, நாற்காலிகள் காலியாக இருக்கிற அந்த நேரத்தில், அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். கீழே பட்டறைக்காரர் மோட்டாரை முடுக்குகிறார் என்று மனசுக்குச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறப்பதில்லை. பிறகு முதல் கேள்வி வரும். இரண்டாவதும் மூன்றாவதும் வருவதேயில்லை. முதல் கேள்விக்கே நான் பதில் சொல்லாமல் நிற்பதால் அவர் காத்திருக்கிறார் என்று தோன்றும்.

நான் இதற்கெல்லாம் எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன். அந்த அம்மா அன்றைக்கு என்னைக் கேட்டிருக்கமாட்டார். ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டரைத்தான் கேட்டிருப்பார். மகள் எனக்குப் போன் அடித்தது, எல்லாரையும்போல, அவரைக் காடியில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லத்தான். நான் எடுத்திருந்தாலும் அவரைக் கொண்டுபோயிருக்க முடியாது. கொண்டுபோயிருந்தாலும் அவருக்கு யாரென்று தெரிந்திருக்காது. ஆகவே பெரிய நஷ்டமில்லை. இதைக் கணக்குப் பாடம்போலத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன், சரியாகவே வரும்.

அந்த அம்மா இறந்து ஒரு வருடம் ஆனபோது மகள் நினைவு ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு மதிய ஷிப்ட், அதனால் காலையிலேயே வைத்திருந்தாள். ஏழெட்டுப் பேர் வந்து, பாடி, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் கிளம்பச் செருப்பைத் தேடியபோது, "கொஞ்சம் ஒக்காருங்க பாஸ்டர்" என்றாள்.

நானே ஆரம்பித்தேன். ஒரு வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. "அன்னிக்கு அம்மா பாஸ்டரக் கேட்டிருப்பாங்க. அவர நான் கூட்டிட்டு வந்திருக்கணும்மா. மன்னிச்சுக்க."

அவளுக்குப் புரியவில்லை. "யார?"

"பாஸ்டர. பெரியவர."

"இல்லையே" என்றாள். "அவரு பாவம், ஒடம்பு முடியாதவரு, அவர ஏன் கேக்கப் போறாங்க? பாஸ்டரக் கூப்பிடுன்னாங்க. நாந்தான் மக்கு மாதிரி, எந்தப் பாஸ்டரு, அம்மான்னு கேட்டேன். மூச்சு வாங்குது, அப்பவும் ஏசுறாங்க. ஏன், நமக்கு எத்தன பாஸ்டர் இருக்காங்க, புதன்கெழம வர்றவரத்தான்னாங்க."

வெளியே யாரோ லிப்ட்டுக்காகக் காத்திருந்தார்கள், குழந்தை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்தேன். என் கணக்குப் பாடம் முழுவதும் தப்பு என்று தெரிந்தபின்னும் மனம் அதற்குள்ளேயே ஒரு ஓட்டையைத் தேடியது. கிடைக்கவில்லை.

"கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றாள். பிறகு ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டாள். "அன்னிக்கு எங்க பாஸ்டர் இருந்தீங்க?"

சொன்னேன். எதையும் மென்று விழுங்கவில்லை. பத்து மணி, டைல்ஸ் தரை, மூன்று கேள்விகள், பையில் அதிர்ந்த போன், பிறகு குடித்த கோப்பிவரைக்கும் சொன்னேன். பாஸ்டராக வேண்டும் என்று முட்டி போட்டுக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேசரித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அவரு கைய வெச்சாரா, ஒங்க தலையில?"

"வெச்சாரு."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போகிற வழியில் நின்று, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"எங்கம்மா தலையில யாரும் வெக்கல பாஸ்டர்."